கல்லூரிக்கும் தெருவுக்கும் நடுவே ஒரு வீடு: யார் இந்த ஜேன் ஆடம்ஸ்?

எம்எஸ்டபிள்யூ படிக்கிறவர்களுக்கு வாரத்தில் சில நாள் களப்பணி உண்டு. என்எஸ்எஸ்ஸில் இருந்தவர்களுக்கு ஏழு நாள் கிராம முகாம் நினைவிருக்கும். இப்போது இன்ஜினீயரிங், காமர்ஸ் மாணவர்கள்கூட லீவில் ஏதாவது ஒரு என்ஜிஓவில் இன்டர்ன்ஷிப் போகிறார்கள். குரூப் போட்டோ, ரிப்போர்ட், சான்றிதழ். ரெஸ்யூமேயில் ஒரு வரி கூடுகிறது.

மாணவருக்குக் கிடைத்தது இது. சரி, அவர் போய்வந்த அந்தத் தெருவுக்கு என்ன கிடைத்தது?

இந்தக் கேள்வி புதுசு இல்லை. கல்லூரி முடித்த இளைஞர்களை ஏழைகள் வாழும் தெருவிலேயே குடியிருக்க வைத்து, அங்கேயே கற்றுக்கொள்ளவும் வேலை செய்யவும் வழி செய்தவர் ஒருவர் இருந்தார். கிட்டத்தட்ட 46 வருடம் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டினார். அவர்தான் சிகாகோவின் ஜேன் ஆடம்ஸ். அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற முதல் அமெரிக்கப் பெண்.

அவர் செய்தது என்ன? எங்கெல்லாம் தப்பு செய்தார்? அதிலிருந்து என்ன கற்றார்?

மில் முதலாளி மகள்

1860 செப்டம்பர் 6 அன்று, இலினாய் மாநிலத்தின் சீடர்வில் என்ற சின்ன ஊரில் பிறந்தார் ஜேன். அப்பா ஜான் ஆடம்ஸ் மில் முதலாளி, மாநில செனட்டர், ஆபிரகாம் லிங்கனுக்கு நண்பர். ஜேனுக்கு இரண்டு வயதாக இருக்கும்போதே அம்மா இறந்துவிட்டார். சின்ன வயதிலேயே முதுகெலும்பில் காசநோய் வந்து முதுகு வளைந்தது. நடையில் ஒரு சாய்வு வந்துவிட்டது. தன்னைப் பார்க்க அசிங்கமாக இருப்பதாக நினைத்து, ஊர்க்காரர்கள் முன்னால் அப்பாவோடு சேர்ந்து நடக்கவே அந்தக் குழந்தை கூச்சப்பட்டது.

வீட்டில் பணத்துக்குக் குறையில்லை. படிப்பிலும் கெட்டிக்காரி. 1877இல் ராக்ஃபோர்டு பெண்கள் கல்லூரியில் சேர்ந்து 1881இல் முடித்தார். டாக்டராக வேண்டும், ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்பது திட்டம்.

அதே வருடம் அப்பா திடீரென்று இறந்தார். பிலடெல்ஃபியாவில் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த ஜேன், முதுகு வலி முற்றிப் படுக்கையில் விழுந்தார். படிப்பு பாதியில் நின்றது.

படிச்சு முடிச்சாச்சு, அடுத்து என்ன?

அதற்குப் பிறகு வந்த எட்டு வருடங்களை ஜேன் தன் வாழ்க்கையின் வெற்றுக் காலமாகவே கருதினார். அப்பா விட்டுப்போன சொத்து இருந்தது. ஐரோப்பாவுக்குப் போனார். மியூசியம், ஓவியம், மொழிகள், சங்கீதம் என்று நாட்கள் நகர்ந்தன. ஆனால் மனசுக்குள் ஒரு அரிப்பு ஓயவே இல்லை.

அன்று அமெரிக்காவில் கல்லூரிக்குப் போன முதல் தலைமுறைப் பெண்கள் எல்லாருக்கும் இதே நிலைமைதான். பட்டம் கையில் இருக்கும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாது. கல்யாணம், இல்லாவிட்டால் டீச்சர் வேலை, அதுவும் இல்லாவிட்டால் வீட்டில் உட்கார்ந்து இன்னும் ஒரு கோர்ஸ். தயாராகிக்கொண்டே இருப்பதில் வாழ்க்கை முடிந்துவிடுகிறது என்று ஜேனுக்குத் தோன்றியது. படிப்பு முடிந்தும் அடுத்தடுத்துச் சான்றிதழ் சேர்க்கிற இன்றைய தலைமுறைக்கு இந்தத் தவிப்பைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

1883இல் லண்டனின் கிழக்குப் பகுதியில் அவர் பார்த்த ஒரு காட்சி கடைசிவரை மறக்கவில்லை. சனிக்கிழமை ராத்திரி. விற்காமல் அழுகத் தொடங்கிய காய்கறிகளை ஏலம் விடுகிறார்கள். கூட்டம் கைகளை உயர்த்தி முண்டியடிக்கிறது. ஏலத்தில் எடுத்த ஒருவர் அங்கேயே உட்கார்ந்து கோஸைப் பச்சையாகத் தின்னத் தொடங்கிவிட்டார். பஸ்ஸின் மேல்தளத்திலிருந்து ஜேன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அவருக்கு மனதில் ஓடியது, அந்தக் காட்சிக்குப் பொருத்தமாகப் படித்திருந்த ஓர் இலக்கியப் பகுதி. அதை நினைத்துத்தான் பிறகு வெட்கப்பட்டார். எதிரே பசி நிற்கிறது, தான் மேற்கோள் தேடிக்கொண்டிருக்கிறோம். படிப்பு தனக்கும் வாழ்க்கைக்கும் நடுவில் ஒரு திரையைத் தொங்கவிட்டிருப்பதாக அவருக்குப் பட்டது.

லண்டனில் கிடைத்த ஐடியா

1888இல் மறுபடியும் லண்டன் போனபோது டாயின்பீ ஹால் என்ற இடத்துக்குப் போனார். ஒயிட்சேப்பல் என்ற ஏழைப் பகுதியில், பாதிரியார் சாமுவேல் பார்னெட்டும் அவர் மனைவி ஹென்றியட்டாவும் 1884இல் தொடங்கிய இல்லம் அது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்களும் பட்டதாரிகளும் அங்கேயே தங்குவார்கள். மாலை வகுப்பு எடுப்பார்கள், பொதுக் கூட்டம் நடத்துவார்கள், அக்கம்பக்கத்து மனிதர்களோடு பழகுவார்கள். ஆங்கிலத்தில் இதற்கு வைத்த பெயர் செட்டில்மென்ட், அதாவது குடியமர்வு இல்லம்.

ஜேனுக்குப் பிடித்துப்போனது அதில் இருந்த ஒரு விஷயம். தர்மம் கொடுத்துவிட்டு வண்டி ஏறிப் போகிற வழக்கம் அங்கே இல்லை. பக்கத்து வீட்டுக்காரராகவே இருக்க வேண்டும்.

ஹால்ஸ்டெட் தெரு வீடு

1889 செப்டம்பர் 18. ஜேனும் அவருடைய கல்லூரித் தோழி எலன் கேட்ஸ் ஸ்டாரும் சிகாகோவின் ஹால்ஸ்டெட் தெருவில் ஒரு பழைய வீட்டில் குடியேறினார்கள். 1856இல் சார்லஸ் ஹல் என்பவர் கட்டிய வீடு. அதனால் ஹல் ஹவுஸ் என்றே பெயர் நிலைத்தது.

சுற்றிலும் இத்தாலியர்கள், ஜெர்மானியர்கள், ரஷ்யாவிலிருந்தும் போலந்திலிருந்தும் வந்த யூதர்கள், பொஹிமியர்கள், ஐரிஷ்காரர்கள். தோட்டமும் தோப்புமாக இருந்த ஊர்களிலிருந்து கிளம்பி வந்து, ஒண்டுக்குடித்தன வீடுகளில் நெருக்கிக்கொண்டு வாழ்ந்தவர்கள். துணி தைக்கும் பட்டறைகள் வீட்டுக்குள்ளேயே நடந்தன. குழந்தைகளும் அதில் வேலை செய்தார்கள்.

முதலில் ஒரு மழலையர் பள்ளி. பிறகு வேலைக்குப் போகும் அம்மாக்களுக்காகக் குழந்தைகள் காப்பகம், மாலை வகுப்புகள், நூலகம், ஓவியக் கூடம், ஜிம், நாடக அரங்கு. இரண்டாம் வருடத்திலேயே வாரத்துக்கு 2,000 பேர் வந்துபோனார்கள். 1907க்குள் அந்த ஒரு வீடு 13 கட்டிடங்களாக வளர்ந்துவிட்டது.

அங்கே தங்கிய படித்த இளைஞர்களை ரெசிடென்ட் என்று அழைத்தார்கள். சம்பளம் கிடையாது. தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் அவர்களேதான் பணம் கட்ட வேண்டும். பலர் பகலில் வேறு வேலைக்குப் போய்விட்டு, மாலையில் இங்கே வேலை செய்தார்கள்.

இந்த ஏற்பாடு யாருக்காக? 1892இல் ஆற்றிய ஓர் உரையில் ஜேன் இதற்கு நேர்மையாகப் பதில் சொன்னார். ஏழைகளுக்கு இந்த இல்லம் எவ்வளவு தேவையோ, அதே அளவு படித்த இளைஞர்களுக்கும் தேவை என்றார். படித்ததைப் பயன்படுத்த வழியில்லாமல் அவர்கள் உள்ளுக்குள் வாடிப்போகிறார்கள் என்பது அவர் கணிப்பு. தியாகம், சேவை என்ற பெரிய வார்த்தைகளைப் போட்டு அவர் இதை மறைக்கவில்லை.

முதல் தோல்வி: சத்தான சமையல்

ஆரம்ப காலத்தில் ஒரு பொது சமையற்கூடம் திறந்தார்கள். பட்டறையில் தைக்கும் பெண்களுக்குச் சமைக்க நேரமில்லை, குழந்தைகள் கண்டதைச் சாப்பிடுகிறார்கள் என்று ஒரு கணக்கெடுப்பில் தெரிந்தது. உடனே சத்துணவு நிபுணர்களின் முறையைக் கற்று வந்து, அறிவியல்படி அளந்து, விலை மலிவாகச் சமைத்து விற்றார்கள்.

யாரும் பெரிசா வாங்க வரவில்லை. இத்தாலிக்காரருக்கு இத்தாலி ருசி வேண்டும், பொஹிமியருக்கு அவர் ஊர் ருசி. சத்து இருக்கிறது என்பதற்காக யாரும் நாக்கை மாற்றிக்கொள்வதாக இல்லை. அவரவருக்குப் பிடித்ததைத்தான் சாப்பிடுவோம் என்று ஒரு பெண் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அதே கட்டிடத்தில் நடந்த காபிக் கடைக்கு மட்டும் நல்ல கூட்டம். உட்கார்ந்து பேச அந்தத் தெருவில் சாராயக் கடையை விட்டால் வேறு இடமே இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

தேவை என்ன என்று வெளியே இருந்து முடிவு செய்யக்கூடாது, கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்று எல்லா என்ஜிஓ பயிற்சியிலும் முதல் நாள் சொல்லித்தரும் இந்தப் பாடத்தை ஹல் ஹவுஸ் கைக்காசைச் செலவழித்துக் கற்றுக்கொண்டது.

ஒரு உயிர் சொன்ன பாடம்

அடுத்த பாடம் இதைவிடக் கொடூரமானது. 1893இல் அமெரிக்காவில் பெரிய பொருளாதார நெருக்கடி வந்தது. வேலையிழந்த மக்கள் வரிசையில் நின்றார்கள். ஹல் ஹவுஸிலும் நிவாரணம் கொடுத்தார்கள். வேலை ஏதாவது இருந்தால் அதை முயன்று பார்க்காமல் நிவாரணம் கேட்கக் கூடாது என்பது அன்றைய தர்ம அமைப்புகளின் விதி.

ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த ஒருவர் வேலை போய் உதவி கேட்டு வந்தார். கால்வாய் தோண்டும் இடத்தில் ஆள் எடுக்கிறார்கள், முதலில் அங்கே போய்ப் பாருங்கள் என்று ஜேன் சொன்னார். எப்போதும் அறைக்குள்ளேயே வேலை செய்து பழகிய உடம்பு, குளிர்காலத்தில் வெளியில் நின்று வேலை செய்தால் தாங்காது என்றார் அவர். விதி விதிதான் என்று ஜேன் நினைத்தார்.

அந்த மனிதர் மறுபடியும் உதவி கேட்டு வரவில்லை. கால்வாயில் இரண்டு நாள் மண் வெட்டினார். நிமோனியா வந்தது. ஒரு வாரத்தில் இறந்துபோனார். இரண்டு சின்னக் குழந்தைகள் அநாதையாக நின்றார்கள்.

இதைத் தன் சுயசரிதையில் ஜேன் ஒளிக்காமல் எழுதினார். அந்தக் குழந்தைகள் என்ன ஆனார்கள் என்பதைக் கடைசிவரை தொடர்ந்து கவனித்துவந்தார். ஒரு மனிதருடைய கஷ்டத்துக்கு விதிப் புத்தகத்தில் தீர்வு கிடைக்காது, அவர் வாழ்க்கையையும் பழக்கத்தையும் தெரிந்துகொண்ட பிறகுதான் யோசனை சொல்லவே உரிமை வரும் என்பதை அந்த மரணம் அவருக்குச் சொல்லித்தந்தது. களத்தில் கற்பது என்றால் இதுவும்தான். கற்றவர் தப்பு செய்யும்போது அதற்கான விலையை வேறு யாரோ கொடுக்கிறார்கள்.

தெருவை வரைபடமாக்கியவர்கள்

1891 இறுதியில் ஃபிளாரன்ஸ் கெல்லி ஹல் ஹவுஸுக்கு வந்தார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்தவர், மூன்று குழந்தைகளுக்கு அம்மா. அவர் வந்த பிறகு இல்லத்தின் போக்கே மாறியது. உதவி செய்வது ஒரு பக்கம், ஏன் இந்த நிலைமை என்று ஆதாரத்தோடு கேட்பது இன்னொரு பக்கம்.

1893இல் மத்திய அரசு நகரச் சேரிகளைப் பற்றி ஓர் ஆய்வு நடத்தியது. சிகாகோ வேலை கெல்லியின் பொறுப்பில் வந்தது. வீடு வீடாகப் போய், யார் எந்த நாட்டுக்காரர், வாரத்துக்குக் குடும்ப வருமானம் என்ன என்று எழுதினார்கள். கிடைத்த விவரங்களை ஹல் ஹவுஸ்காரர்கள் கலர் போட்டு வரைபடமாக்கினார்கள். சின்னப் பகுதிதான், ஆனால் 18 தேசத்து மக்கள் அங்கே வாழ்ந்தார்கள். 1895இல் அது கட்டுரைகளோடு புத்தகமாக வந்தது. இன்று நகர ஆய்வு படிக்கிறவர்கள் முன்னோடி என்று சொல்லும் நூல்களில் ஒன்று இது. முகப்பில் ஹல் ஹவுஸ் ரெசிடென்ட்கள் எல்லாரும் சேர்ந்து எழுதியது என்றே போட்டார்கள்.

ஆய்வு அலமாரியில் தூங்கவில்லை. கெல்லியின் குழு திரட்டிய விவரங்களின் பலத்தில் 1893இல் இலினாய் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. 14 வயதுக்குக் குறைந்த குழந்தைகளைத் தொழிற்சாலையில் வைக்கக் கூடாது, பெண்களுக்கு எட்டு மணி நேர வேலை. கெல்லியே மாநிலத்தின் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளர் ஆனார். எட்டு மணி நேர விதியை 1895இல் மாநில உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது தனிக் கதை. 1899இல் சிகாகோவில் அமெரிக்காவின் முதல் சிறார் நீதிமன்றம் தொடங்கப்பட்டதிலும் ஹல் ஹவுஸ்காரர்களின் உழைப்பு இருந்தது.

குப்பை வண்டிக்குப் பின்னால்

அந்த வார்டில் குப்பை பெரிய பிரச்சினை. தெருவோரம் மரத்தொட்டிகள் நிரம்பி வழியும். குழந்தைகள் அதன் மேல்தான் விளையாடும். வார்டில் சாவு விகிதம் அதிகமாக இருப்பதற்கு இதுவும் காரணமோ என்று சந்தேகம் வந்தது.

இல்லத்தின் பெண்கள் சங்கத்தில் அந்தத் தெருப் பெண்களே உறுப்பினர்கள். அவர்களில் 12 பேர் ரெசிடென்ட்களோடு சேர்ந்து, வாரத்தில் மூன்று மாலை சந்து சந்தாகப் போனார்கள். பகல் முழுக்க வீட்டு வேலை செய்து களைத்தவர்கள் அவர்கள். இரண்டு மாதத்தில் 1,037 விதிமீறல்களைக் குறித்துச் சுகாதாரத் துறைக்குக் கொடுத்தார்கள். கொஞ்சம் அசைந்தது, ஆனால் போதவில்லை.

கடைசியில் ஜேன் தானே குப்பை அள்ளும் கான்ட்ராக்டுக்கு விண்ணப்பம் போட்டார். அது நிராகரிக்கப்பட்டது. ஆனால் செய்தி ஊரெல்லாம் பரவ, 1895இல் மேயர் அவரை அந்த வார்டின் குப்பை ஆய்வாளராக நியமித்தார். வருடச் சம்பளம் 1,000 டாலர். காலை ஆறு மணிக்கெல்லாம் எழுந்து குப்பை வண்டிக்குப் பின்னாலேயே போவார். கான்ட்ராக்டரை விடாமல் நெருக்கி, ஒன்பது வண்டிகளை முதலில் 13 ஆக்கினார், பிறகு 17 ஆக்கினார். ஒரு தெருவில் குப்பையை வெட்டி எடுத்தபோது ஒன்றரை அடிக்குக் கீழே கல் பாவிய சாலை கிடைத்தது. அங்கே ஒரு சாலை இருந்ததே அந்தத் தெருக்காரர்களுக்குத் தெரியாது.

சாவு விகிதத்தில் நகரத்தின் மூன்றாவது இடத்திலிருந்த வார்டு, ஏழாவது இடத்துக்கு இறங்கியது.

ஆனால் அரசியலில் அவர் ஜெயிக்கவில்லை. வார்டு உறுப்பினர் ஜானி பவர்ஸ் லஞ்சத்துக்குப் பேர்போனவர். 1896, 1898 தேர்தல்களில் அவரை எதிர்த்து ஹல் ஹவுஸ் வேலை செய்தது. பவர்ஸ்தான் ஜெயித்தார். மக்களைத் திட்டாமல், ஏன் அவருக்கே ஓட்டு விழுகிறது என்று ஜேன் யோசித்தார். சாவு வீட்டுக்கு முதல் ஆளாக வருகிறார், பையனுக்கு வேலை வாங்கித் தருகிறார், கிறிஸ்துமஸுக்கு வான்கோழி கொடுக்கிறார். நேர்மையைப் பற்றிப் பேசுகிறவர்கள் கஷ்ட காலத்தில் கண்ணில் படுவதில்லை. இதைக் கட்டுரையாகவே எழுதினார். நம் ஊர் வார்டு அரசியலைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட எதுவும் இருக்காது.

பல்கலைக்கழகம் கதவைத் தட்டியபோது

1892இல் சிகாகோ பல்கலைக்கழகம் திறந்தது. அங்கே சமூகவியல் துறை சுறுசுறுப்பாக வளர்ந்தது. பேராசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஹல் ஹவுஸ் பிடித்தமான இடம் ஆனது. தத்துவப் பேராசிரியர் ஜான் டூயி அடிக்கடி வந்து உரையாற்றினார், இல்லத்தின் அறங்காவலராகவும் இருந்தார். செய்து கற்பது என்ற கல்விக் கொள்கைக்கு உலகம் முழுக்க நினைவுகூரப்படும் டூயியின் சிந்தனையில் ஹல் ஹவுஸுக்குப் பெரிய பங்கு உண்டு. தன் மகளுக்கு அவர் ஜேன் என்று பெயர் வைத்தார்.

ஹல் ஹவுஸைப் பல்கலைக்கழகத்தோடு இணைத்துவிடலாம் என்ற யோசனையும் வந்தது. ஜேன் சம்மதிக்கவில்லை. வகுப்பு எடுக்கப் போனார், மாணவர்களை வரவேற்றார், ஆனால் இல்லத்தின் சாவியைக் கொடுக்கவில்லை. சமூகவியல் ஆய்வுக்கூடம் என்று யாராவது இல்லத்தைப் பாராட்டினால் அவருக்குப் பிடிக்காது. ஆய்வுக்கூடம் என்றால் அங்கே வாழும் அக்கம்பக்கத்தினர் சோதனைப் பொருளாகிவிடுகிறார்களே என்பது அவர் வருத்தம்.

மாணவருக்கும் தொண்டு நிறுவனத்துக்கும் இடையிலான உறவில் இன்றும் தீராத சிக்கல் இதுதான். செமஸ்டர் கணக்கில் மாணவர்கள் வந்துபோகிறார்கள். ஒவ்வொரு பேட்ச்சும் அதே கேள்வித்தாளோடு அதே வீட்டுக் கதவைத் தட்டுகிறது. பதில் சொன்னவருக்குக் கடைசியில் அந்த ரிப்போர்ட்டின் ஒரு பக்கம்கூட வந்து சேர்வதில்லை. ஜேன் இதற்குக் கண்டுபிடித்த வழி எளிமையானது, ஆனால் கஷ்டமானது. ஆய்வு செய்கிறவர் அங்கேயே குடியிருக்க வேண்டும். எழுதியதை அந்தத் தெரு மக்கள் படித்து முகத்துக்கு நேராகக் கேள்வி கேட்கும் தூரத்தில் இருக்க வேண்டும்.

குடியிருந்தாலும் தப்பு நடக்கும். 1902இல் வார்டில் டைஃபாய்டு பரவியது. ஹல் ஹவுஸில் தங்கியிருந்த டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன், திறந்த கழிப்பறைகளிலிருந்து ஈக்கள் நோயைப் பரப்புவதாகக் காட்டினார். பெரிய பேர் கிடைத்தது, சுகாதாரத் துறையில் நடவடிக்கைகளும் வந்தன. உண்மைக் காரணம் பிறகுதான் தெரிந்தது. குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்திருக்கிறது, அதிகாரிகள் அதை மூடி மறைத்துவிட்டார்கள். ஹாமில்டன் தன் முடிவு தப்பு என்பதைத் தன் சுயசரிதையில் தானே எழுதினார். பிற்காலத்தில் தொழிற்சாலை விஷங்களால் வரும் நோய்களைப் பற்றிய ஆய்வில் அமெரிக்காவின் முன்னோடியாக அவர் உயர்ந்தார்.

டால்ஸ்டாயும் ரொட்டியும்

1896இல் ஜேன் ரஷ்யாவில் லியோ டால்ஸ்டாயைச் சந்தித்தார். சமையல், விவசாயம் எல்லாம் தன் கையாலேயே செய்ய வேண்டும் என்று வாழ்ந்துகொண்டிருந்த டால்ஸ்டாய், ஜேனுடைய அகலமான சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, இந்தத் துணியில் ஒரு சின்னப் பெண்ணுக்குக் கவுனே தைக்கலாமே என்ற அர்த்தத்தில் கேட்டார். ஏழைகளுக்கும் அவருக்கும் நடுவே அந்த உடை ஒரு தடையாக இல்லையா என்பதும் அவர் கேள்வி.

ஜேன் ஆடிப்போனார். ஊருக்குத் திரும்பியதும் தினமும் இரண்டு மணி நேரம் ரொட்டி சுடுவது என்று முடிவு செய்தார். மில் முதலாளி மகள், ரொட்டி சுடத் தெரியும். ஆனால் சிகாகோ வந்து சேர்ந்ததும் வாசலில் காத்திருந்த மனிதர்களையும் பிரிக்காத கடிதங்களையும் பார்த்தார். இத்தனை பேரைக் காக்கவைத்துவிட்டுத் தன் மனசாட்சிக்காக ரொட்டி சுடுவது அபத்தம் என்று அந்த யோசனையைக் கைவிட்டார்.

விமர்சனமே இல்லையா?

இருக்கிறது. ஹல் ஹவுஸ் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வந்த வெள்ளையர்களுக்காகவே இயங்கியது. கறுப்பின மக்களுக்கு அங்கே கிடைத்த இடம் குறைவு. 1901இல் கும்பல் கொலைகளைக் கண்டித்து ஜேன் ஒரு கட்டுரை எழுதினார். கொல்லப்பட்டவர்கள் குற்றம் செய்தவர்களாகவே இருக்கலாம் என்ற எண்ணம் அதில் ஒளிந்திருந்தது. கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் புள்ளிவிவரங்களோடு அதை மறுத்து எழுதினார். பிறகு 1909இல் கறுப்பின மக்களின் உரிமைக்கான என்ஏஏசிபி அமைப்பைத் தொடங்க விடுத்த அழைப்பில் இருவருமே கையெழுத்திட்டார்கள்.

முதல் உலகப் போரை எதிர்த்ததும் அவருக்குப் பெரிய விலை வைத்தது. 1915இல் ஹேக் நகரில் நடந்த பெண்கள் அமைதி மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அமெரிக்கா போரில் இறங்கிய பிறகும் நிலைப்பாட்டை மாற்றவில்லை. நாடே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய பெண்ணைப் பத்திரிகைகள் துரோகி என்று எழுதின. இல்லத்துக்கு வந்த நன்கொடைகளும் குறைந்தன. 1931இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது வயது 71. விழா நாளில் அவர் மருத்துவமனையில் இருந்தார். பரிசுப் பணத்தைப் பெண்கள் அமைதி அமைப்புக்கே கொடுத்தார். 1935 மே 21 அன்று சிகாகோவில் இறந்தார்.

இந்தியாவுக்கு என்ன தொடர்பு?

1923இல் உலகப் பயணத்தின்போது ஜேன் இந்தியாவுக்கும் வந்தார். காந்தி அப்போது சிறையில் இருந்ததால் சந்திக்க முடியவில்லை.

ஆனால் அவருடைய வழிமுறை வேறு ஒருவர் மூலம் இங்கே வேர்பிடித்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் படித்த கிளிஃபோர்டு மேன்ஷார்ட் என்ற அமெரிக்க மிஷனரி, 1926இல் பம்பாயின் நாக்பாடா பகுதியில் இதேபோல ஒரு குடியமர்வு இல்லத்தைத் தொடங்கினார். அந்த அனுபவத்திலிருந்து 1936இல் சர் தோராப்ஜி டாடா சமூகப் பணிப் பட்டப் பள்ளி பிறந்தது. இன்று டிஸ் என்று எல்லாரும் சொல்லும் டாடா சமூக அறிவியல் நிறுவனம் அதுதான். இந்தியாவின் முதல் சமூகப் பணிக் கல்லூரி. வகுப்பும் களப்பணியும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்ற முறை அங்கிருந்து பரவியது. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க்கும் அதே பாதையில் வந்ததே. 1969இல் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு என்எஸ்எஸ் தொடங்கியபோது, களத்தில் கற்பது என்பது எல்லாப் படிப்புக்கும் திறந்துவிடப்பட்டது.

இப்போது அந்த வீடு எங்கே?

கதையின் கடைசிப் பகுதி கொஞ்சம் கசப்பானது. 1960களின் தொடக்கத்தில் இலினாய் பல்கலைக்கழகத்துக்குச் சிகாகோவில் புது வளாகம் கட்ட இடம் தேடினார்கள். தேர்ந்தெடுத்தது ஹல் ஹவுஸையும் அதைச் சுற்றியிருந்த தெருக்களையும். அந்தப் பகுதிப் பெண்கள் முன்னால் நின்று போராடினார்கள். நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். தோற்றார்கள். வீடுகள் இடிக்கப்பட்டன, குடும்பங்கள் சிதறின. 1965இல் வளாகம் திறந்தது.

13 கட்டிடங்களில் மிஞ்சியவை பழைய ஹல் வீடும் சாப்பாட்டுக் கூடமும். இப்போது அவை பல்கலைக்கழகத்தின் மியூசியம். ஜேனின் பெயரில் நடந்துவந்த தொண்டு அமைப்பும் பணமில்லாமல் 2012இல் மூடப்பட்டது.

பல்கலைக்கழகத்தைத் தெருவுக்குக் கூட்டிவர வாழ்நாளெல்லாம் பாடுபட்டார் ஜேன். கடைசியில் பல்கலைக்கழகம் வந்தது, தெரு போய்விட்டது. இன்று அந்த வளாகத்தில் படிக்கும் மாணவர்கள் வகுப்புக்குப் போகிற வழியில் அந்த மியூசியத்தைக் கடந்துதான் போகிறார்கள். களப்பணிக்குக் கிளம்பும் எந்த ஊர் மாணவருக்கும் அது ஒரு கேள்வியை விட்டுவைத்திருக்கிறது. நாம் கற்றுக்கொண்டு கிளம்பிய பிறகு, அந்தத் தெருவில் மிச்சம் இருப்பது என்ன?